நண்டுத்தலையர் இரங்கலாமா?

“பேய்க்கதை! நம்பவே ஏலாது!” என்றார் கதிராமன்.

துறைமுகக் கேற்று வாசலில் லொறி வரிசை நகரவில்லை. கோதுமை ஏற்ற வந்த கிண்ணியா லொறிச் சாரதி நஸ்ரி, காவலர் கதிராமனிடம் வசமாக மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் ‘எட்டாம் சந்திரன்’ விண்வெளித் தொடர் பார்க்கிறவர்கள்.

“பதினாறு வருசமா நண்டுத்தலையர் ஒரு கிரகத்தையாவது மிச்சம் விட்டவங்களோ? போன கிழமை ஒரு குழந்தை அழுதிச்சாம், கப்பலைப் போக விட்டிட்டாங்களாம்!”

“நண்டுக்கும் மனசு இருக்கும்தானே அண்ணன்?”

“இருந்தால் ஓட்டுக்குள்ள இருக்கட்டும். வெளியில காட்டப்படாது. வில்லன் ஒருநாள் இரங்கினால், அடுத்த நாள் வாசல்ல நூறு பேர் அழுதுகொண்டு நிப்பினம்.”

நஸ்ரி சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் மூச்சு இழுப்புக்கு அடிக்கிற பம்ப்.

“ஐயா, நான் யதுர்சன்ட மனிசி. மூண்டாம் இறங்குதுறையில கோதுமை இறக்கிறார். தூசி பட்டால் இழுப்பு வந்திடும். இதை வீட்டில விட்டிட்டு வந்திட்டார். குடுத்திட்டு ஓடியாறன்.”

“பாஸ்?”

“இல்லை.”

“பாஸ் இல்லாட்டி ஏலாது.”

“அப்ப நீங்களாவது குடுத்துவிடுங்கோ ஐயா.”

“வெளிச்சாமான் உள்ளுக்குப் போகாது. மேல கமரா பாக்குது. இஞ்ச தாங்கோ அதை. பின்னேரம் வந்து எடுக்கலாம்.”

பம்பையும் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் மதிலோரம் போய் நின்று அழுதாள்.

நஸ்ரிக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்கு நண்டுத்தலையனே பரவாயில்ல அண்ணன்!”

“கதையை விட்டிட்டு லொறியைத் திற. சோதிக்கோணும்.”

கொப்பியில் எதையோ கிறுக்கிவிட்டு வந்து தொடங்கினார். அன்றைக்கென்று ஒரு சோதனை! இருக்கைக்கு அடியில் தடவினார், பாயை உதறினார். கடைசியில் நஸ்ரியின் சோற்றுப் பையைக்கூட விடவில்லை, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

“ம்... போ!”

போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் நஸ்ரி கியரைப் போட்டான். இருந்த கோபத்தில் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. லொறி துள்ளியது, சோற்றுப் பை கவிழ்ந்தது.

பார்சலோடு சேர்ந்து உருண்டது ஒரு பம்ப். அதில் சுற்றியிருந்த கொப்பிக் கடதாசித் துண்டில் கிறுக்கல் எழுத்து: ‘யதுர்சன். மூண்டாம் துறை. கெதியாப் போ.’

நஸ்ரி பறந்தான்.

கோதுமை ஏற்றித் திரும்பி வரும்போதும் அந்தப் பெண் மதிலோரத்திலேயே நின்றாள். நஸ்ரி யன்னலால் தலையை நீட்டி, வாயில் பம்ப் அடிப்பதுபோல் காட்டித் தலையாட்டினான். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நஸ்ரி கேற்றில் லொறியை நிறுத்தி, “அண்ணன்...” என்று மெல்ல வாயைத் திறந்தான்.

“என்ன பல்லைக் காட்டுறாய்?” கமராவுக்கும் கேட்கும்படி கத்தினார் கதிராமன். “பாஸை எடு!”