மூன்றாவது தடவை வந்தவர்

"புகார வாபஸ் வாங்கிடாதீங்கம்மா. அதச் சொல்லத்தான் திரும்பவும் வந்தேன்."

வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் செல்லத்துக்கு அலுப்பாக வந்தது. ஐந்து நாளில் இது மூன்றாவது தடவை. விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தருமபுரம் தெருக்களில் கூவி விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்க்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

"உள்ள வந்து உக்காருங்கய்யா. ஆனா பேச ஒண்ணுமில்ல. வாபஸ் கடுதாசி எழுதியாச்சு. நாளைக்குக் கல்வி ஆபீஸ் விசாரணைல குடுத்துடுவோம்."

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. முன்னறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் அதில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெட்சிணாமூர்த்தி என்று முதல் நாளே பெயர் சொல்லியிருந்தார். கோவில்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாராம். வெள்ளைச் சட்டையையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்துக் கல்வி ஆபீஸ் ஆள்தான் என்று செல்லம் முடிவு பண்ணிவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் என்னம்மா சொல்றாரு?"

"அவரு கடலுக்குப் போயிருக்காரு. ஊர்ப் பஞ்சாயத்துல கூப்பிட்டு வாபஸ் வாங்கச் சொல்லிப்புட்டாங்க. பொட்டப்புள்ள பேரு இப்படி அடிபட்டா நாளைக்கு எவன் கட்டிப்பான்னு கேக்குறாங்க. அவருக்குப் பதில் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல."

மகள் தமிழ்மொழி ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் வாத்தியார் ஆனந்தராஜ், ரெக்கார்டு நோட்டைத் திருத்துகிறேன் என்று அவளைத் தனியாக நிறுத்திவைத்துத் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறான். அவளாகவே ஒரு தாளில் எழுதி ஹெட்மிஸ்ட்ரஸ் கையில் கொடுத்திருக்காவிட்டால் செல்லத்துக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாகப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை.

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க," என்றாள் செல்லம். "பள்ளிக்கூடத்துல கேட்டாங்க, ஆபீஸ்ல கேட்டாங்க. மீன் வாங்குறவங்ககூட வெலையக் கேக்குறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்குறாங்க. என்னால முடியல. அந்த ஆள வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவாங்களாம். எங்கயோ போய்த் தொலையட்டும்."

"அப்படி மாத்தித்தாம்மா இங்க வந்தான்."

செல்லம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் ஆச்சு. போலகத்துல ஒரு புள்ள. காவ்யான்னு பேரு. அதுவும் ஒன்பதாவதுதான். இதே ஆளு, இதே ரெக்கார்டு நோட்டு. அதோட அப்பா புகார் குடுத்தாரு. ஒரு வாரம் தாங்கினாரு. அப்புறம் எதுக்கு வம்புன்னு கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிட்டாரு. புகாரே இல்லன்னு ஆனதும் இவன இங்க தூக்கிப் போட்டாங்க. அன்னைக்கு அந்த மனுஷன் ஒருத்தர் உறுதியா நின்னுருந்தா, உங்க வீட்டுக்கு இது வந்திருக்காதும்மா."

உள்ளறைக் கதவு அசைந்தது. தமிழ்மொழி வந்து நின்றாள்.

"அந்த அக்கா இப்ப என்ன பண்றாங்க?"

பெரியவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"படிப்ப நிறுத்திட்டாங்க பாப்பா. ரெண்டே வருஷத்துல கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க. போன வாரம் போய்ப் பாத்தேன். என்னக் கண்டதும் ஒரு வார்த்த பேசாம உள்ள போயிடுச்சு."

தமிழ்மொழி அம்மாவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எட்டாவதுல சஃபியா இருக்கால்ல, அவளையும் நோட்ட எடுத்துக்கிட்டுத் தனியா வரச் சொன்னாரும்மா. அன்னைக்குத்தான் நான் எழுதிக் குடுத்தேன். எனக்கு நடந்தப்ப எழுதத் தைரியம் வரல."

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ தெனமும் அசந்து போய் வர்ற. ஏற்கெனவே அழுதுக்கிட்டிருந்த."

செல்லம் கண்களை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு நாளாக எல்லாரும் கேட்ட கேள்விகளில், இந்தப் பிள்ளை ஏன் எழுதியது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தானும்தான் கேட்கவில்லை. மகளின் தலையில் கையை வைத்தாள். கையில் மீன் வாடை அடித்தது. மகள் தலையை நகர்த்தவில்லை.

"நாளைக்கு நான் ஏவாரத்துக்குப் போகல," என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும் விசாரணைக்கு வர்றோம். புகார் புகாராவே இருக்கட்டும். ஊருக்கும் இவ அப்பாவுக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

பெரியவர் எழுந்து கைகூப்பினார். ஃபைலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு இரண்டடி நடந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். பாவம், வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்களும் அங்க இருப்பீங்கல்லய்யா? ஆபீஸ்ல எங்களுக்காகப் பேச ஒருத்தராவது வேணும்."

"நான் ஆபீஸ் ஆளு இல்லம்மா. சாட்சி சொல்ல வர்றேன். போலகத்துல அந்தப் புள்ளையோட அப்பா கால்ல விழுந்து, அழுது, வாபஸ் கடுதாசில கையெழுத்து வாங்கினவன் நான்தான்."

செல்லத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்க எதுக்குய்யா அவங்க கால்ல விழணும்?"

வாசல்படியில் இறங்கிய பெரியவர் திரும்பாமலே சொன்னார்.

"ஆனந்தராஜ் நான் பெத்த புள்ளம்மா."