அசையாதவை

மிளகு அளவே இருந்த அந்த கேமராவுக்கு, ஈயின் கண்ணைப் போல நூற்றுக்கணக்கான கண்கள். அறையின் எந்த மூலையில் ஒதுங்கினாலும் படத்தில் விழுந்துவிடுவோம். காலி அறை எப்படியிருக்கும் என்று அதற்குப் பழக்கிய நாட்களில், ஒவ்வொரு முறையும் வெளியே போய்வரச் சோம்பல்பட்டு, பூங்கோதையும் அவளோடு வேலை செய்த ஜெபமணியும் உள்ளேயே மூச்சடக்கிச் சிலைபோல நின்றார்கள். கொஞ்ச நாளில், அசையாத ஆட்களை கேமரா தானாகவே அழித்து, அந்த இடத்தில் பின்னாலிருந்த சுவரை வரைந்து நிரப்பியது. இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

இப்போது அது ஒரு நெல் குடோனின் கூரையில் இருக்கிறது. ஆளில்லை என்று அது சொன்னால்தான் கதவை அடைத்து, பூச்சிகளுக்கு விஷப்புகை விடுவார்கள். பூங்கோதை தன் மேசையிலிருந்தபடி திரையில் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைகளுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. சற்று ஏறியது, மறுபக்கம் இறங்கியது. ஒரு மூக்கின் மேல் நடப்பதைப் போல.

அவள் குடோன் மேனேஜரை போனில் கூப்பிட்டாள். “சார், உள்ள யாரோ படுத்திருக்காங்க. கதவத் தெறங்க!”

“என்ன மேடம், காலின்னு உங்க கேமராதான சொல்லுச்சு? இப்பதான் மருந்தத் தெறந்துவிட்டோம்.”

“சார், அந்த ஈ...”

“ஈயெல்லாம் செத்துரும் மேடம்,” என்று அவர் சிரித்தார்.

திரையில் ஈ நின்றது. கேமரா அதையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டைகளை வரைந்தது.