இடக்கை உண்ட சோறு

பக்கவாதம் வந்து தணிகாசலத்தின் வலக்கை விழுந்தபோது, இடக்கைக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். சின்ன வயதில் ஒருதரம் சோற்றைத் தொட்டதற்கு அது வாங்கிய அடி கொஞ்சமா? அதன்பின் இலைப் பக்கமே போனதில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு வார்டிலும் அதற்கு அதே கதிதான். சாப்பாட்டு நேரம் வந்தால் தெரபிஸ்ட் ஜெசிந்தா இடக்கைக்குத் தடித்த உறை ஒன்றை மாட்டிவிடுவாள். "வலது கையாலதான் சாப்பிடணும் ஐயா. சிந்தினா சிந்தட்டும்" என்பாள்.

வலக்கை நடுங்கி நடுங்கி எடுக்கும். பாதி மடியில் விழும்.

"ஏண்ணே கஷ்டப்படுறே? நான் ஊட்டுறேன்" என்றது இடக்கை.

"வேண்டாம்டா. நேத்தைவிட இன்னிக்கு நல்லாப் பிடிச்சேன். பழகிடும்."

ஜெசிந்தா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் இடக்கை உறையைப் பல்லில் கொடுத்து உருவிக்கொள்ளும். ரசஞ்சோறு சிந்தாமல் உள்ளே போகும். பசித்த வாயும் காட்டிக்கொடுக்கவில்லை. வலக்கை பார்த்துக்கொண்டே கிடந்தது. போகப் போக, வேண்டாம் என்று சொல்வதையும் விட்டுவிட்டது.

வீடு திரும்பியபின் மூன்று வேளையும் இடக்கையின் ராஜ்யம்தான்.

மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் சம்பந்தி வந்து இறங்கினார். இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம்" என்றார். இடக்கை ஆசையாக நெஞ்சுவரை எழும்பியது. அங்கே தனியாக நின்றது.

"அண்ணே, வாண்ணே. இந்த ஒருதரம்" என்றது.

தொடையோரம் தொங்கிய வலக்கை சொன்னது:

"எப்படி வர்றதுன்னு மறந்துபோச்சுடா தம்பி."