பள்ளம் எண்ணுகிறவள்

மராகேஷ் பல்கலைக்கழகத்தில் ஹஸ்னாவுக்கு வேலை, சனிக்கோளின் நிலா ஒன்றின் படத்தில், விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்களை எண்ணுவது. பள்ளம் கூடக்கூட அந்த நிலத்தின் வயதும் கூடும் என்பது கணக்கு. படமெடுத்த விண்கலம் அழிந்து பல வருஷமாகிவிட்டது; இருப்பது அந்த ஒரே பழைய படம்தான். முதல் தடவை நானூற்றுப் பத்து வந்தது. மறுபடி எண்ணினாள், நானூற்றுப் பதினொன்று. இரண்டு மாதம் கழித்து நானூற்றுப் பன்னிரண்டு.

"கண்ணாடிய மாத்தும்மா," என்றார் பக்கத்து மேசை மிலூத். "கணக்கு ஒத்துவரலன்னு ரெண்டு தடவ உன் ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்தாச்சு. இன்னொரு தடவ எண்ணிக்கை மாறினா உன்னையே மாத்திடுவாங்க."

"அப்ப நீங்களே எண்ணுங்க! நாலு மாசமா இதே தலைவலி எனக்கு."

மிலூத் காலை முழுக்க எண்ணினார். அவருடைய புதினாத் தேநீர் ஆறிப்போனது. அவருக்கும் நானூற்றுப் பன்னிரண்டுதான்.

"கம்ப்யூட்டர நம்பாத. தாள்ல அச்சடி."

பெரிய தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பள்ளத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். இனி மாற வழியில்லை என்ற நிம்மதியில் அறையைப் பூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது வட்டமில்லாத பள்ளம் ஒன்று இருந்தது.

"சே! எந்தக் கழுத வந்து கிறுக்கிட்டுப் போச்சு?" என்று எரிந்து விழுந்தபடி ஹஸ்னா அதை விரலால் அழுத்தித் துடைத்தாள்.

மை கலையவில்லை. விரல் தாளைத் தாண்டி உள்ளே இறங்கியது. சுவரிலும் அதே அளவுக்குக் குழி. அது இன்னும் சூடாக இருந்தது.