படத்துக்குப் பின்னால் இருப்பது

சபாபதியின் முதல் மனைவியின் மாலை போட்ட படத்துக்குப் பின்னால் ஒரு சிலந்தி குடியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் சுகந்தி துடைப்பத்தைத் தூக்கியபோது, பல்லியைக்கூடச் செருப்பால் அடிக்கிற சபாபதி, "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு" என்றான். யாருக்காகச் சொன்னான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. படத்தின் கண்ணாடியை மட்டும் துடைத்துப் பொட்டு வைத்துவந்தாள். இன்று காலை, படச் சட்டத்திலிருந்து பக்கத்து ஆணியில் தொங்கிய அவள் புடவை வரை ஒற்றை இழை ஓடியிருந்தது. சபாபதி காபியை ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தான். "வேற புடவை கட்டிக்கயேன்." "இது என் புடவைங்க" என்றாள். இல்லையென்று யாரும் சொல்லாதபோது ஏன் அப்படிச் சொன்னோம் என்று குழம்பினாள். முந்தானையைப் பற்றினாள். இழை ஆடியது. தான் பற்றியதாலா, படத்துக்குப் பின்னாலிருந்து அது கிளம்பி வருவதாலா என்று தெரியவில்லை.