கம்ப்ரஸரின் சாப்பாட்டு நேரம்

செங்கோடனின் லேத் பட்டறையில், காற்று அடைக்கும் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு புது கரண்ட் மீட்டரை மாட்டினார்கள்.

முதல் நாளே மீட்டர் கேட்டது: "அண்ணே, சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினும் நின்னுடுச்சு. நீங்க மட்டும் ரெண்டு யூனிட் இழுத்திருக்கீங்க. யாருக்காக?"

கம்ப்ரஸருக்குச் சுருக்கென்றது. "பன்னெண்டு வருஷமா நான் பகல்ல நின்னதே இல்ல, தம்பி. ஆயுத பூஜைக்கு எனக்குத்தான் பெரிய பொட்டு. நீ போட்டுக்கொடுத்து என்னைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடாதே."

மீட்டருக்கு மறைக்கத் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த செங்கோடன், அது காட்டியதை நோட்டில் குறித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு காற்றுக் குழாய் நெடுகச் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனார். மூன்று இடங்களில் நுரை குமிழ்விட்டது. கம்ப்ரஸர் மூச்சுமுட்ட அடைத்த காற்று அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே புதுக் குழாய் போட்டார்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் காற்றுத் தொட்டி நிறைந்து, கம்ப்ரஸர் தானாக நின்றது. அந்த அமைதி அதற்குப் புதிது.

"தம்பி," என்றது பயந்த குரலில், "நான் செத்துட்டேனா?"

"இல்லண்ணே. சாப்பாட்டு நேரம்."