மைக்கில் சொன்ன ஜெபம்

பதினோரு மணி வெயில் ஜன்னல் வழியாகத் தையல் மெஷின் மேல் விழுகிறது. தையல்காரி தலை நிமிராமல் மிதிக்கிற வேகத்தில் மேசையே அதிர்கிறது. எதிரே முக்காலியில் டீச்சர், அவளுடைய இருபது வருஷத் தோழி, மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த தையல்காரியின் மகள் நேற்று மத்தியானத்திலிருந்து அதற்குள்தான் கிடக்கிறாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?” என்கிறாள் தையல்காரி. “நேத்து சபையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாழ முடியாம வந்த பிள்ளைன்னு பேரைச் சொல்லி ஜெபிக்கிறே. அவ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா! காலையிலேருந்து நாலு பேர் துணி தைக்கக் கொடுக்கிற சாக்குல வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போயாச்சு.” டீச்சர் முந்தானையைத் திருகுகிறாள். “எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சா சீக்கிரம் கேட்கப்படும்னுதான்...” “ஆண்டவருக்கு நல்லாக் காது கேட்கும்டி. ஊருக்குத்தான் மைக் வேணும்.” நூல் அறுந்து மெஷின் நிற்கிறது. அந்த அமைதியில் உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் இருவருக்கும் கேட்கிறது. டீச்சர் முகம் வெளுத்து, கைகோத்துக் கண்ணை மூடுகிறாள். “ஆண்டவரே, என்னை மன்னியும்...” தையல்காரி கத்தரிக்கோலை மேசையில் அறைகிறாள். “கண்ணைத் திற! அவர்கிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல அந்தக் கதவைத் தட்டி அவகிட்ட கேளு.” டீச்சர் எழுந்துபோய் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுகிறாள். “நான்தாம்மா, சித்தி.” தாழ்ப்பாள் அசையவில்லை. குரல் மட்டும் வருகிறது. “நான் அழுததையும் போய் ஜெபத்துல சொல்லிடாதீங்க, சித்தி.”